வெறுந்தொட்டியின் எடை

நவம்பர் கடைசியில் வெயில்
மலைக்குப் பின்னால் போனால்
ஜனவரி இருபத்தைந்து வாக்கில்தான் தலைகாட்டும் எங்கள் ஊரில்.
இடைப்பட்ட இருட்டில்
நான் மரம் வரையப் பழகினேன்.

ஈசாஃபியர்தூர் துறைமுகத்தில்
மீன் நிறுக்கிற வேலை எனக்கு.
நிறுவைச் சீட்டின் முதுகு வெள்ளை.
அதில் ஒரு கோடு, ஒன்றிலிருந்து இரண்டு,
இரண்டிலிருந்து நான்கு.
போகுமிலா எட்டிப் பார்த்தாள்.
"மரமில்லை ஸ்டெய்னுன், இது மீன்முள்."

தப்பில்லை அவள் சொன்னது.
தபால் நிலையத்துக்குப் பின்னால் நாலு ரோவன் மரம்,
நாலும் காற்றுக்கு முதுகு வளைத்தவை.
தனிமரம்தான் தோப்பாகாது என்றில்லை,
நாலும் ஆகாது.
அண்ணாந்து பார்க்க எனக்கு வாய்த்ததெல்லாம்
பாறை, பாய்மரம், பளு தூக்கும் கிரேன்.

பதினோரு வருடம்.
முதலில் காரின் கியர்பெட்டி தின்றது பணத்தை,
அடுத்து முழங்கால்.
பிறகு உலகமே கதவைச் சாத்திக்கொண்ட வருடம்,
அதற்கும் பிறகு
காரணமே இல்லாமல் போகாமல் இருந்த ஒரு வருடம்.
அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

மே ஒன்பதுக்கு டிக்கெட்.
ரெய்க்யவிக், வார்சா, ரயில், அப்புறம் ஒரு பேருந்து,
ஹைனூவ்கா. அதற்கப்பால் பழங்காடு.
ஹைனூவ்கா என்று நான் சொல்லும்போதெல்லாம்
போகுமிலா காதைப் பொத்திக்கொள்கிறாள்,
என் வாய்க்குள் நண்டு ஓடுகிறதாம்.

கழுத்துக்கும் பயிற்சி வேண்டுமே என்று
கிரேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் அண்ணாந்து நின்றேன்.
மேலேயிருந்து டோர்ஃபி கத்தினான்:
"என்ன பழுது?"

மதியச் சாப்பாட்டு வேளையில் நாளுக்கொரு சொல்.
லாஸ் என்றால் காடு.
டொம்ப் என்றால் ஓக்.
ஷும் என்றால் இலைகளுக்குள் காற்று போடும் இரைச்சல்.
"அலைக்கும் அதே சொல்தான்" என்றுவிட்டு
அவள் ரொட்டியைக் கடித்தாள்.
எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.
பிறந்ததிலிருந்து
ஒரு சொல்லின் பாதியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேனா?

தராசில் மீன் ஏறுமுன்
வெறுந்தொட்டியை நிறுத்துக் கழிக்க வேண்டும்.
கழிக்காவிட்டால் பிளாஸ்டிக்குக்கும் மீன் விலை.

நானோ ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறேன்.
பல் மருத்துவரின் சுவரில் தொங்கும் அக்டோபர்,
பனியில் மூச்சு புகையும் காட்டெருமை,
காளான், பாசி, விழுந்து மட்கும் அடிமரம்,
முதல் ஓக்கில் கை வைத்து
நான் அழப்போகும் அழுகை.
அதையும் குளியலறையில் ஒத்திகை பார்த்தாயிற்று.
இத்தனையையும் சுமந்துபோனால்
காட்டுக்கு எங்கே இடம்?

அதனால் இரவுக்கு ஒன்றாய் வரைந்து
பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.
எருமை முடிந்தது. காளான் முடிந்தது.
இலை வழியே இறங்கும் ஒளி மூன்று இரவு தின்றது,
வரவில்லை, வராததையும் போட்டு மூடினேன்.
அழுகையை வரையத் தெரியாமல்
குளியலறைக் குழாயை வரைந்தேன்.

வெயில் திரும்பிய அன்று ஊரெங்கும் பான்கேக்கும் காப்பியும்.
ஜன்னலோரம் புது நோட்டைத் திறந்துவைத்தேன்,
ஒன்றும் வரையாமல்,
தாளுக்கு வெளிச்சம் பழகட்டும் என்று.

ஏப்ரலில் ஒரு நாள், கையுறையைக் கழற்றியபடி போகுமிலா:
"எனக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம்.
பேருந்து நிலையத்தில் மூன்றாவது பெஞ்சு,
பச்சை.
இருக்கிறதா என்று மட்டும் பார்."
ஒன்பது வருடமாக அவள் ஊருக்குப் போகவில்லை.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்போது என் தொட்டியில் ஒரு பெஞ்சு.
இதைக் கழிப்பதா, சேர்த்து நிறுப்பதா,
இருபது வருடத் தராசுக்காரி எனக்கே தெரியவில்லை.

மூன்று பென்சில் சீவினேன்.
நான்காவதை அங்கே போய்ச் சீவலாம்,
அதுவும் மரம்தானே.
படகு ஒன்று உள்ளே வந்தது, நாற்பது தொட்டி.
நிறுத்து முடியும்வரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்,
ஹைனூவ்கா, ஹைனூவ்கா.
போகுமிலா தலை நிமிர்ந்தாள்.
காதைப் பொத்தவில்லை.